வந்து சேர்ந்த சாம்பிளுக்கு மட்டும்

பிப்ரவரி 4

அன்புத் தங்கை நோண்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் தையல் மெஷினும் சுகம். மூன்று பேரில் மெஷின்தான் கொஞ்சம் குறைவாகச் சத்தம் போடுகிறது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் வைத்த மறுநிமிஷம் என்ன பேசினோம் என்பது போய்விடுகிறது. கடிதம் என்றால் சட்டைப்பையில் இருக்கும், வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வயசாகிறது, வேறொன்றும் இல்லை.

போன வாரம் ஒரு கூத்து நடந்தது. பாட்டு வாத்தியாரின் பேண்ட்டை பஸ் டிரைவரின் அளவுக்குத் தைத்துவிட்டேன். வாத்தியார் போட்டுப் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், இதுக்குள்ள என் சிஷ்யப் பசங்களும் சேந்து நிக்கலாம் போலிருக்கே" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் முப்பத்தைந்து வருஷமாக அளவு நோட்டு வைத்துக்கொள்ளாத தையல்காரன் நான் என்பது உனக்குத் தெரியும். ஒரு தடவை டேப் வைத்தால் போதும், அந்த ஆள் தோளும் இடுப்பும் என் தலையில் உட்கார்ந்துகொள்ளும். அதனால் ஞாபகசக்திக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். "ஞாபகமறதிக்கு மாத்திரை, அதைச் சாப்பிட மறந்துட்டீங்க" என்று உன் அண்ணி தினமும் கிண்டல்.

விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், 'சுயேச்சையான ஆய்வகத்தில் தூய்மை சோதிக்கப்பட்டது' என்று போட்டு, அடியில் உன் கையெழுத்து! அந்த வாலைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். கையெழுத்துக்கு வால் போட உனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. அம்மா இறந்த வருஷம், உன் பத்து வயசில், வீட்டில் இருந்த சோப்பு, பவுடர், எண்ணெய் எல்லாவற்றையும் கரைத்துக் கரைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். அழாமல் இருந்தால் சரி என்று ஒரு சின்ன வெள்ளைக் கோட்டு தைத்துக் கொடுத்தேன். அந்தக் கோட்டுதான் வளர்ந்து இங்கே வந்து நிற்கிறது என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் காட்டுகிறேன்.

நான்கு மாத்திரை இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்கு நல்ல சரக்குதான் கொடுக்கிறார்களா என்று சோதித்துச் சொல்.

அன்புடன்,
அண்ணன்

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். முதுகுவலிக்கு என்ன, நாள் முழுக்கக் குனிந்தே நிற்பவளை விட்டு அது எங்கே போகும்? அண்ணியையும் மெஷினையும் விசாரித்ததாகச் சொல்.

மாத்திரையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து அப்படியே உறைக்குள் போட்டிருக்கிறாய். நான்கிலும் நூல் ஒட்டியிருக்கிறது. இதைச் சோதித்தால் பருத்தி இருக்கிறது என்றுதான் ரிப்போர்ட் வரும். பிரிக்காத பாட்டில் ஒன்றும், நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பாட்டிலும் அனுப்பு.

என் கையெழுத்தைப் பார்த்து ரொம்பக் குதிக்காதே. எங்கள் வேலை எப்படி என்று சொல்கிறேன். கம்பெனிக்காரர்களே ஒரு பாட்டிலைத் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். நாங்கள் அதைச் சோதிப்போம். 'இந்த முடிவு வந்து சேர்ந்த சாம்பிளுக்கு மட்டுமே பொருந்தும்' என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும். கடைக்கு வருவதும் அதே சரக்குதானா என்று நாங்கள் போய்ப் பார்ப்பதில்லை. விருந்தாளி வரும் அன்று மட்டும் கூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டு வருவது போலத்தான். அப்புறம், சுத்தம் என்றால் வேலை செய்யும் என்று அர்த்தம் இல்லை. எழுதியிருப்பது உள்ளே இருக்கிறது, எழுதாதது இல்லை, அவ்வளவுதான்.

இரண்டு தேதி வேண்டும். மாத்திரை சாப்பிட ஆரம்பித்தது எப்போது, மறதி ஆரம்பித்தது எப்போது? சமாளிக்காமல் எழுது. அண்ணிக்கு ஒரு தனித்தாள் வைத்திருக்கிறேன். படிக்காமல் அவர்களிடம் கொடு.

உன்,
நோண்டி

மார்ச் 2

அன்புத் தங்கைக்கு,

மூவரும் சுகம். உன் முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

இரண்டு பாட்டிலும் பார்சலில் வருகின்றன. போலீஸ் மாதிரி தேதி கேட்கிறாய், சொல்கிறேன். மாத்திரை ஆரம்பித்தது போன வருஷம் ஜூன் மாதம். அதற்கு முன்னால் என் கை ஒரு அளவுகூடத் தப்பியதில்லை. தப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். இப்போது எழுதும்போதுதான் எனக்கே உறைக்கிறது. மாத்திரைதான் என்னைக் கெடுக்கிறதோ?

அண்ணிக்கு வைத்த தாளைக் கொடுத்துவிட்டேன். அவளுக்குப் பள்ளி ஆபீசில் பரீட்சை நேரத்து வேலை, பதில் எழுத நாளாகும்.

அளவு நோட்டு ஒன்று வாங்கி வைத்தாள். அதைத் தொடவே பிடிக்கவில்லை. நோட்டைப் பார்த்துத் தைக்க எவனாலும் முடியும்.

அண்ணன்

ஏப்ரல் 6

அண்ணா,

சுகம் விசாரிப்பதெல்லாம் பிறகு. முதலில் இதைப் படி, படித்துவிட்டுச் சட்டைப்பையில் வை, நாளைக்கும் படி.

மாத்திரையை நிறுத்து. இன்றைக்கே.

தூளைக் கரைத்து, வடிகட்டி, மெஷினில் ஏற்றினால் ஒரு கோடு மேடு மேடாக எழும். ஒவ்வொரு மேடும் ஒரு பொருள். உன் மாத்திரையில் மூன்று மேடு வர வேண்டும். நான்கு வந்தது. பிரிக்காத பாட்டிலிலும் நான்கு. மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். நான்காவது, பழைய சளி மாத்திரைகளில் போடும் ஒரு தூக்க மருந்து. சாப்பிட்டவன் நன்றாகத் தூங்கி எழுந்தால் தலை தெளிந்துவிட்டது என்று நினைத்து இன்னொரு பாட்டில் வாங்குவான், அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் வயசானவர்களுக்கு அது ஞாபகத்தை மழுங்கடிக்கும்.

கலப்படம் கண்டுபிடித்தால் எனக்கு வயிறு எரியும், உனக்குத் தெரியும். இந்தத் தடவை மெஷினுக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி பயந்துவிட்டாள். காரணம் கிடைத்துவிட்டது அண்ணா! நீ சொன்ன தேதி அச்சு அசலாகப் பொருந்துகிறது. ஜூனில் ஆரம்பித்தாய், ஜூனுக்குப் பிறகு தப்பியது. நிறுத்தினால் உடம்பிலிருந்து மருந்து சில நாளில் போய்விடும். தலை தெளியச் சில வாரம் ஆகலாம். பிறகு பாட்டு வாத்தியாருக்குப் பாட்டு வாத்தியார் பேண்ட்டே கிடைக்கும்.

அண்ணி ஏன் இன்னும் எழுதவில்லை?

நோண்டி

ஏப்ரல் 19

அன்புத் தங்கை நோண்டிக்கு,

நாங்கள் மூவரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நிறுத்திவிட்டேன். பிறகு வாங்கிய பாட்டிலை என் கையாலேயே குப்பையில் கொட்டினேன். தலையில் நனைந்த துணி மாதிரி ஒன்று கிடந்தது, அதை யாரோ பிழிந்து உதறிக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது. முந்தாநாள் தபால்காரர் வந்தார். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு சட்டை தைத்தவர். "கழுத்து பதினஞ்சரை, இடது தோள் கொஞ்சம் இறக்கம்" என்றேன். மனுஷன் அசந்துபோய், "பை தூக்கித் தூக்கி இறங்கின தோள் மாஸ்டர்" என்றார். உனக்கு உடனே எழுத வேண்டும் போலிருந்தது.

நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன்? பத்து வயசில் அந்தக் கோட்டைத் தைத்துக் கொடுத்தது வீண்போகவில்லை.

உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

அண்ணன்

மே 3

அன்புள்ள அண்ணா,

நான் சுகம், முதுகும் சுகம். தபால்காரர் விஷயத்தை நான்கு தடவை படித்தேன்.

எங்கள் அதிகாரியிடம் நான்காவது மேட்டைக் காட்டினேன். "நம்ம ரிப்போர்ட்ல பொய் எதுவும் இல்லையே? அவங்க அனுப்புன சாம்பிள் சுத்தம்தானே" என்றார். "கடையில இருக்கறது சுத்தமில்லையே சார்" என்றேன். "கடையில இருக்கறத யாரும் நம்மகிட்ட அனுப்பலையேம்மா" என்றார். பேசிக்கொண்டே என் தாளைக் கோப்பில் போட்டு மூடிவிட்டார். கெட்ட மனுஷன் இல்லை. மேலிடத்துக்கு நானே எழுதிப் போட்டிருக்கிறேன். பெட்டிக்குள் என் கையெழுத்து இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது. திருப்பி வாங்க வழி இல்லையாம்.

அதை விடு. எனக்கு ஒரு வெள்ளைக் கோட்டு தைத்து அனுப்பு. பழையதில் அமிலம் பட்டு ஓட்டையாகிவிட்டது. என் அளவை எழுதி அனுப்ப மாட்டேன். உனக்குத்தான் தெரியுமே. நிதானமாகத் தை, ஜூன் முடிவதற்குள் வந்தால் போதும்.

அண்ணியை ஒரு வரி எழுதச் சொல். அவர்கள் கையெழுத்தையே மறந்துவிட்டேன்.

உன்,
நோண்டி

ஜூன் 21

அன்புத் தங்கைக்கு,

சுகம். கோட்டு தயார், பார்சலில் வருகிறது. உன் அண்ணி அளவு நோட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். வெளியே போ என்று சொல்லிவிட்டேன். டேப்பைத் தொடவே இல்லை. கத்தரி தானாகப் போயிற்று. எத்தனையோ நாளைக்குப் பிறகு இப்படி மனம் நிறைந்து தைத்தேன்.

போட்டுப் பார்த்துவிட்டு உடனே எழுது.

அண்ணன்

ஜூன் 29

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். கோட்டு வந்தது. தையல் ஒவ்வொன்றும் முத்து முத்தாக இருக்கிறது. கச்சிதமாக இருக்கிறது. எல்லோரும் யார் தைத்தது என்று கேட்கிறார்கள்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன்.

நோண்டி

ஜூன் 29

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். வீட்டுக்கு எழுதாமல் உங்கள் பள்ளி ஆபீஸ் முகவரிக்கு எழுதுகிறேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு நாக்கு கூசுகிறது. இத்தனை மாதம் அண்ணனையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

கோட்டு வந்தது. நீங்கள் பார்த்தீர்களா, பார்சல் கட்டுவதற்கு முன்னால்? பிரித்து உதறினேன். அண்ணி, அது பத்து வயசுப் பெண்ணின் கோட்டு. நான் கையை விட்டேன், முழங்கையிலேயே நின்றுவிட்டது. தோள், நீளம், காலர் எல்லாம் ஒன்றுக்கொன்று அவ்வளவு சரி. ஒரு பிசிறு இல்லை. முன்பக்கம் நான்கு காஜா எடுத்திருக்கிறான், ஒரு பட்டன்கூட வைக்கவில்லை. அதை மடியில் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். கச்சிதமாக இருக்கிறது என்று இப்போதுதான் அவனுக்கு எழுதிப் போட்டேன்.

சாம்பிள் எங்கே எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று சரிபார்க்காமல் இந்தப் பதினெட்டு வருஷத்தில் ஒரு ரிப்போர்ட்டும் நான் எழுதியதில்லை. மறதி என்று சொல்கிற ஆளிடமே தேதியைக் கேட்டு வாங்கி, அதை நம்பி, காரணம் கிடைத்துவிட்டது என்று குதித்திருக்கிறேன். உங்களைக் கேட்க ஒரு தாள் வைத்தேன், பதில் வரவில்லை. வராததே எனக்கு வசதியாக இருந்ததோ என்னவோ.

இப்போது உங்களைக் கேட்கிறேன். எப்போது ஆரம்பித்தது?

உங்கள்,
நோண்டி

ஜூலை 16

அன்புள்ள நோண்டிக்கு,

அண்ணி எழுதுவது. நான் நலம். நீ சாப்பிடாமல் கிடப்பாய் என்று தெரியும், முதலில் சாப்பிடு.

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் பையிலேயே வைத்திருந்தேன். நீ எனக்கு எழுதிய தனித்தாள் இப்போதுதான் கிடைத்தது. துவைக்கப் போட்ட சட்டையில், உன் மற்றக் கடிதங்களோடு நாலாக மடித்து இருந்தது. ஒளித்து வைத்தாரா, கொடுத்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டாரா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

ஆரம்பித்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. முதலில் கத்தரியைத் தேடினார், பிறகு கடைச் சாவியை, பிறகு ஒரு நாள் கடையையே தேடிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி நின்றார். மாத்திரை ஆரம்பித்தது போன டிசம்பரில்தான். அவர் சொன்ன ஜூன் எந்த வருஷத்து ஜூன் என்று எனக்குத் தெரியாது. வாங்கிக் கொடுத்ததும் நான்தான். கடையில் எத்தனையோ பெட்டி இருந்தது. பிரித்துப் பார்த்தேன், உன் கையெழுத்து இருந்தது. அதனால் இதையே எடுத்தேன். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கேட்டாய், சொன்னேன்.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். "அவளுக்குத் தெரிஞ்சா வேலைய விட்டுட்டு வந்து என் எதிர்ல உக்காந்துடுவா, சொல்லாத" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதை மட்டும் அவர் மறக்கவே இல்லை.

மாத்திரையைப் பற்றி நீ எழுதிய கடிதத்தை டாக்டரிடம் காட்டினேன். "மாத்திரையாலதானா டாக்டர்?" என்று கேட்டேன். எனக்கும் ஆசை இருக்காதா? "கொஞ்சம் கூட்டியிருக்கும். மருந்து எவ்வளவு, வியாதி எவ்வளவுன்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா இது திரும்பி வர்ற பாதை இல்ல" என்றார்.

தபால்காரர் கதையை உனக்கும் எழுதினாரா? இங்கே தினமும் சொல்கிறார். அது நடந்தது உண்மைதான், ஐந்து வருஷத்துக்கு முன்னால், நான் பக்கத்தில் இருந்தேன். இப்போது புதுத்துணி யாரும் கொண்டுவருவதில்லை. பழைய ஆட்கள் பாவம் பார்த்து, கிழிந்ததைக் கொடுத்துத் தைக்கச் சொல்கிறார்கள்.

கோட்டை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக மடித்துக்கொண்டிருந்தார், நானே பார்சலுக்குக் கயிறு கட்டிக் கொடுத்தேன். கச்சிதமாக இருக்கிறது என்று நீ எழுதியதை எத்தனை பேரிடம் படித்துக் காட்டிவிட்டார் தெரியுமா?

உன் அண்ணி

செப்டம்பர் 9

அன்புத் தங்கை நோண்டிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் தையல் மெஷினும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

ஞாபகத்துக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். விஷயம் என்னவென்றால், அந்தப் பெட்டிக்குள் ஒரு தாள், அதில் உன் கையெழுத்து! வாலைப் பார்த்ததும் கண்டுபிடித்துவிட்டேன். எல்லோரிடமும் காட்டினேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்கு மாத்திரை இத்துடன் வைத்திருக்கிறேன். நல்ல சரக்குதானா என்று சோதித்துச் சொல்.

ஸ்கூலில் சமர்த்தாக இரு. எதையாவது நோண்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடாதே. இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடு. அம்மா தேடுகிறாள்.

அண்ணன்

(நோண்டி, உறையை ஒட்டும் முன் பார்த்தேன். அவர் வைத்திருப்பது சட்டை பட்டன்கள். எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே அனுப்புகிறேன். இப்போதெல்லாம் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார். பழகிவிட்டது. - அண்ணி)

செப்டம்பர் 20

அன்புள்ள அண்ணா,

நோண்டி எழுதுகிறேன். நான் சுகம். முதுகுவலி இல்லை. நீயும் அம்மாவும் மெஷினும் சுகமாக இருப்பது அறிந்து சந்தோஷம்.

நீ அனுப்பிய நான்கும் உடையாமல் வந்து சேர்ந்தன. வேலைக்கு எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன். நான்கும் ஒரே எடை. தண்ணீரில் போட்டேன், சாயம் போகவில்லை, கரையவில்லை. கலப்படம் எதுவும் இல்லை. நான்கும் சுத்தம். ரிப்போர்ட் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அடியில் என் கையெழுத்து இருக்கிறது, வாலோடு. வழக்கமாகப் போடும் பொடி எழுத்து வரியை இதில் போடவில்லை. சட்டைப்பையில் வைத்துக்கொள், யார் கேட்டாலும் காட்டு.

நான்கையும் உனக்குத் திருப்பி அனுப்பவில்லை. இங்கே அவற்றுக்கு இடம் இருந்தது. நானே ஊசி கோத்துத் தைத்தேன், உன் அளவுக்கு வரவில்லை. கோட்டைக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறேன்.

இனிமேல் நீ மாத்திரை சாப்பிட வேண்டாம். உன் தலை நன்றாகத்தான் இருக்கிறது. என் அளவு எதுவும் உனக்கு மறக்கவில்லை.

ஸ்கூலில் சமர்த்தாகத்தான் இருக்கிறேன். அம்மாவைத் தேட வேண்டாம் என்று சொல். இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன்.

உன்,
நோண்டி